பின்பக்க பால்கனிக் கீரை

ஜனவரி 9
அக்காவின் பால்கனிக் கீரை மறுபடியும் வெளுத்துச் சுருண்டுவிட்டது. கீழே நாளெல்லாம் லாரி. தொட்டியில் இருப்பதோ, பக்கத்தில் இடித்துப்போட்ட முலாம் பட்டறை மனையிலிருந்து சும்மா அள்ளி வந்த மண். "செடி ஆராய்ச்சின்னு சம்பளம் வாங்குற, இதுக்கு ஒரு வழி சொல்லக்கூடாதா?" என்றாள். மாசமாக இருப்பவள் கேட்டால் மறுக்க முடியுமா? எனக்கும் கை பரபரத்தது. குற்றவாளி யார், புகையா, மண்ணா? ஒரு பை மண் கொண்டுவந்திருக்கிறேன்.

ஜனவரி 12
நான்கு தொட்டி. அக்காவின் மண்ணில் இரண்டு, ஆய்வகத்து மண்ணில் இரண்டு. ஒவ்வொரு மண்ணிலும் ஒன்று சாலையோரம், ஒன்று புகை புகாத கண்ணாடிக் கூண்டில்.

பிப்ரவரி 6
வேடிக்கைதான்! ஆய்வகத்து மண் செடி புகையிலும் லேசாகப் புள்ளி விழுந்து சமாளிக்கிறது. பட்டறை மண் செடி கூண்டுக்குள் தளதளவென்று நிற்கிறது. மண்ணும் புகையும் சேர்ந்து தாக்கிய செடிதான் படுத்துவிட்டது. தனித்தனியாக வந்தால் தாங்குகிறது. கூட்டுச் சேர்ந்து வந்தால் முடியவில்லை. அப்படியானால் ஒன்றை விலக்கினால் போதுமே! உடனே அக்காவுக்கு போன்: "தொட்டியெல்லாம் பின்பக்க பால்கனிக்கு மாத்து. அங்க புகை வராது."

பிப்ரவரி 27
அக்கா படம் அனுப்பியிருக்கிறாள். யானைக் காது மாதிரி இலை. "தெனமும் பறிச்சு சாப்பிடுறேன். நீ கெட்டிக்காரிதான்டி!" உச்சி குளிர்ந்துபோனது.

மார்ச் 4
இலைகளின் உலோக அளவு வந்தது. பட்டறை மண்ணில் சுருண்ட செடியைவிடத் தளதளத்ததில்தான் காட்மியம் அதிகம், முலாம் வேலை மண்ணில் விட்டுப்போகும் நச்சு உலோகம். ஏன்? — புகை பட்டால் இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. தண்ணீரைக் குறைவாக இழுக்கிறது. நல்ல காற்றில் தாராளமாக இழுத்திருக்கிறது, தண்ணீரோடு மண்ணின் நஞ்சையும். எவ்வளவு அழகான விடை என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

அப்புறம்தான் — ஐயோ. அக்கா.

வாடிக் கெடந்தப்ப அவ அதைத் தொடவே இல்ல. சாப்பிடுற மாதிரி ஆக்கிக் குடுத்தது நான்தானே? செடியைப் பார்த்தேன், சாப்பிடுறவளைப் பார்த்தேனா?

போனில் சொன்னேன். "பச்சப்பசேல்னு இருந்துச்சேடி" என்றாள்.

மார்ச் 5
தொட்டிகளை எடுத்து வந்துவிட்டேன். அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் 11
அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அளவுக்குள்தான் இருக்கிறது, நல்லவேளையாகச் சீக்கிரம் நிறுத்தினீர்கள் என்றார் டாக்டர். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. படியிறங்கும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த தடவை, கணக்கெல்லாம் முழுசா வந்தப்புறம் எனக்கு போன் பண்ணு. என்னை அஞ்சாவது தொட்டி ஆக்கிடாத."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.