வெளியில் பூட்டிய கதவு

இஞ்சாருங்கோ,

இதை உங்கள் அண்ணர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

விசா முடிந்ததென்று பொலிஸ் உங்களைச் சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோன மறுநாளே வகுப்பு ரீச்சர் ஷீலா, எங்கள் பிள்ளையிடம், "அப்பா எங்க? வீட்ல யாரு இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். கேட்கச் சொன்னது யார், பொலிசா? எங்கள் இருவரின் விசாவும் முடிந்துவிட்டதே. அன்றோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். பகலில் மேல்வீட்டு ஜானகி எங்களை உள்ளே வைத்து, ஆளில்லாத வீடுபோல வெளியில் பூட்டிவிடுவார்.

நேற்று மாலை அந்த ரீச்சரே ஸ்கூட்டரில் வந்தார். ஒரு பிள்ளைக்காக அடையாறிலிருந்து கொட்டிவாக்கம் வரைக்கும் யாராவது வருவார்களா? பூட்டைப் பார்த்தும் போகவில்லை. படியில் உட்கார்ந்து, கதவைப் பார்த்து, "ஏழெட்டு எவ்ளோ?" என்றார்.

பிள்ளையின் வாயைப் பொத்தினேன்.

"மறந்துட்டியா? கிளாஸ்ல எல்லாரும் சொல்லிட்டாங்களே."

அவள் என் கையைத் தள்ளிவிட்டு, "ஐம்பத்தாறு ரீச்சர்!" என்று கத்திவிட்டாள்.

"யாராவது என்னைக் கேட்டா வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லுவேன். பொய் இல்லையே? நாளைக்கு எட்டாம் வாய்ப்பாடு" என்று எழுந்தார். பிறகு ஜன்னல் வழியே எதையோ உள்ளே போட்டார். எங்கள் செருப்புகள். வாசலிலேயே விட்டுவிட்டிருக்கிறேன்.

நாங்கள் உள்ளே இருப்பதை உறுதிசெய்யத்தான் வந்தாரோ? அவரை நான் இன்னும் நம்பவில்லை.

மாலையாகிவிட்டது, ஸ்கூட்டர் வரும் நேரம். பிள்ளையின் பாயைக் கதவருகே இழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா