நீ தொட்டுக் கும்பிட்ட இடம்

மதினி,

காலையிலிருந்து என் விரல்களில் டீசல் வாசம் போகவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தேன், எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தேன். மத்தியானம் ரசம் ஊற்றிப் பிசைந்தபோது சோற்றோடு சேர்ந்து அதுவும் வந்தது. உனக்குத்தான் இது பழக்கம். உன் சட்னியில் டீசல் வாசம் அடிக்கிறது என்று அண்ணன் குறை சொல்லாத நாள் உண்டா? இன்று நான் கொடுத்த காப்பித் தம்ளரை முகர்ந்து பார்த்தவன், முழுவதையும் குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

நீ எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த விதமே ஊரில் வேறு யாருக்கும் அமையாதது. கல்யாணம் முடிந்து செட்டியார்பட்டிக்கு மறுவீடு போன புதுப்பெண், திரும்பும்போது தன் அய்யாவின் பழைய டிராக்டரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். ராஜபாளையம் கடைவீதியே நின்று பார்த்ததாம். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. மட்கார்டில் அண்ணன் கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அய்யா போன பிறகு நிலமெல்லாம் உன் தம்பிமார்களுக்கு என்று ஆனபோது, "எனக்கு வண்டி மட்டும் போதும்" என்று நீ கேட்டு வாங்கியது அது. நீ பிறப்பதற்கு முன்பே உன் வீட்டுக்கு வந்துவிட்ட வண்டி. ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா, பெண்ணுக்குச் சுற்றுவதா வண்டிக்குச் சுற்றுவதா என்று திகைத்து, கடைசியில் இரண்டுக்கும் சேர்த்துச் சுற்றினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அன்று பிளந்த வாயை இன்னும் முழுதாக மூடவில்லை.

நமக்கு ஒரே வயது. முறைக்கு மூத்தவள் என்று ஆரம்பத்தில் உன்னை 'நீங்க' என்றுதான் அழைத்தேன். "ஏட்டி, நீன்னே சொல்லு. நீங்கன்னா, பின்னால வேற யாரும் நிக்காவளான்னு திரும்பிப் பாக்கத் தோணுது" என்றாய்.

வண்டியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் உன் அய்யா காலத்திலேயே போய்விட்டது. நீ அதற்காகக் கவலைப்பட்டதே இல்லை. வீட்டை ஒட்டிய காலியிடத்தில் செம்மண் அடித்து ஒரு மேடு போட்டாய். சாயங்காலம் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்துவாய். சக்கரத்துக்குக் கல் கொடுப்பாய். மழைத்தண்ணீர் இறங்காமல் சைலன்சர் குழாயின் வாயில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்ப்பாய். காலையில் கல்லை எடுத்து, கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடியே உருட்டி, பாதி இறக்கத்தில் காலை எடுப்பாய். வண்டி ஒரு தரம் உலுக்கிக்கொண்டு உயிர் பெறும். சிரட்டை ஆகாசத்துக்குப் பறக்கும்.

"பேட்டரி எதுக்குட்டி? பூமியே நமக்குத் தள்ளிவிடுதுல்லா" என்பாய். ஞாயிற்றுக்கிழமையானால் மற்ற வீடுகளில் ஆட்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். நம் வீட்டில் டிராக்டருக்குத்தான் முதல் எண்ணெய். கிரீஸ் அடித்து, ஏர் கிளீனரைக் கழற்றிக் கழுவி மாட்டின பிறகே உனக்குக் குளியல்.

வண்டியில் ஏறுவதற்கு முன் நீ செய்கிற ஒரு காரியத்தை அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். இடது பக்கம் போய்க் குனிவாய். எஞ்சின் ஓரமாகக் கையை விட்டு எதையோ தொடுவாய். அந்த விரல்களை முகத்தருகே கொண்டுவந்து, கண்ணை மூடிச் சற்று நிற்பாய். சாயங்காலம் இறங்கியதும் அதே மாதிரி இன்னொரு தரம்.

"தொட்டுக் கும்பிடாம ஏற மாட்டா என் மருமவ. நீ என்னைக்காவது ஒன் ஸ்கூட்டரக் கும்பிட்டிருக்கியா?" என்று எனக்கு ஏச்சு விழும். அப்போதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்து உதட்டோரம் சிரிப்பாய். கூச்சப்படுகிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமையை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். ராத்திரி பெய்த மழையில், நம் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைப் பார்க்க வந்த கூட்டத்தின் வேன் ஒன்று, ஓடை மண்ணில் அச்சு வரை இறங்கிக் கிடந்தது. ஆண்கள் தள்ளித் தள்ளி ஓய்ந்து நின்றார்கள். நீ சங்கிலியைக் கட்டிவிட்டு ஏறினாய். நான் மட்கார்டில். வண்டி முக்கியது. முன்சக்கரங்கள் தரையை விட்டு மேலே எழும்பின. நான் "அம்மா" என்று அலறினேன். நீ ஸ்டீயரிங் மேல் நெஞ்சைச் சாய்த்து, கிளட்சை லேசாக மிதித்து, சக்கரங்களை மெல்லத் தரையில் இறக்கி, மறுபடியும் இழுத்தாய். வேன் சேற்றை உதறிக்கொண்டு வெளியே வந்தது. கூட்டம் முழுவதும் "கோவிந்தா! கோவிந்தா!" என்று கத்தியது.

"யய்யா, சாமிக்குப் போடுற கோவிந்தாவ வண்டிக்குப் போடாதிய. அதுக்குத் தலைக்கனம் வந்துரும்" என்று சங்கிலியைச் சுருட்டினாய். எனக்கு எலும்பெல்லாம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. சேறு தெறித்த உன் முகத்தைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. வண்டி மட்டும் நீ நிறுத்திய இடத்தில், நீ கொடுத்த கல்லோடும் நீ கவிழ்த்த சிரட்டையோடும் மாதக்கணக்காக நின்றது. அண்ணன் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டான். இன்று காலை ராஜபாளையத்திலிருந்து பழைய இரும்பு எடுக்கிற பாய் லாரியோடு வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். நான் கத்தினேன்.

"அது மேட்டுல நிக்கதப் பாத்தா, அவ கொஞ்ச நேரத்துல வந்து ஏறிருவாங்கற மாதிரியே இருக்குட்டி. தெனமும் என்னால முடியல" என்றான் அண்ணன். அதற்கு மேல் அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

"ஒரே ஒரு தரம் உருட்டிப் பாக்கேன்" என்றேன்.

"கிளம்புச்சுன்னா கெடக்கட்டும். கிளம்பலைன்னா பொறவு நீ பேசக் கூடாது."

மேட்டில் ஒரே ஒரு உருட்டுதான் உண்டு என்பது உனக்குத் தெரியாததா. கீழே போய் நின்றுவிட்டால், அடுத்து பாயின் லாரிதான். அறுப்பு முடிந்த வயலில், நீ பக்கத்தில் இருக்க, நான் வண்டியை ஓட்டியிருக்கிறேன். கிளப்பியது இல்லை. எஞ்சினை நிறுத்துகிற கம்பியை உள்ளே தள்ளினேன். கியர் போட்டேன். கல்லை எடுக்கப் போனேன். உன்னை மாதிரி முதலில் ஒரு தரம் கும்பிட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. இடது பக்கம் போய்க் குனிந்து, எஞ்சின் ஓரமாகக் கையை விட்டேன்.

விரலில் ஒரு சின்னத் திருகு தட்டுப்பட்டது. டேங்கிலிருந்து டீசல் இறங்குகிற குழாயின் திருகு. இறுக மூடியிருந்தது.

அதைத் திறக்காமல் உருட்டியிருந்தால், வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டுக் கீழே போய்ச் செத்திருக்கும். மெல்லத் திருகினேன். ஈரம் பட்டது. ஒழுகுகிறதா என்று விரலை மூக்கருகே கொண்டுபோனேன், கண் தானாக மூடியது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "அடிப்பாவி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் அண்ணனும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கல்லை எடுத்துவிட்டு ஏறி, கிளட்சை மிதித்துப் பிரேக்கை விட்டேன். வண்டி அசைந்தது, உருண்டது. பாதி இறக்கத்தில் காலை எடுத்தேன். பெரிய சக்கரங்கள் மண்ணை இழுத்தன. ஒன்றும் இல்லை. மேடு முடியப் போகிறது. மதினி, மதினி என்று உன்னைத்தான் கூப்பிட்டேன். வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு உலுக்கல் வந்தது. கறுப்புப் புகை. சிரட்டை வேப்பமரத்துக்கு மேலே போய், பாயின் காலடியில் விழுந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் பாய். சிரட்டையைப் பொறுக்கி அண்ணன் கையில் கொடுத்தார். "இம்புட்டு உசுரோட இருக்கத வெட்டுனா எங் கை வெளங்குமா தம்பி? நான் வாரேன்." அண்ணன் வந்து பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். எஞ்சின் ஓடின நேரமெல்லாம் கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் வண்டியை மேட்டில் ஏற்றி, கல் கொடுத்து, சிரட்டையைக் கவிழ்த்து, குனிந்து அந்தத் திருகை மூடினேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணன் கேட்டான்: "எப்படிட்டி கிளப்புன?"

"மதினி மாதிரி தொட்டுக் கும்பிட்டேன்."

"ஆமா, அவ கும்பிடாம ஏற மாட்டா" என்றான். உள்ளே கட்டிலிலிருந்து அம்மா, "நான் அப்பவே சொல்லலியா!" என்று சத்தம் கொடுத்தாள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் பெருமையைக் கெடுக்காமல் இத்தனை வருஷமும் நீ மூடி வைத்ததை ஒரே நாளில் உடைக்க எனக்கு மனம் இல்லை. மழையோ வெயிலோ, ஒருநாள் தவறாமல் நீ குனிந்து தொட்டு நின்றதைக் கும்பிடு இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

உன் உதட்டோரச் சிரிப்பு அப்போது என் முகத்தில் வந்திருக்க வேண்டும், மதினி. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.