சிவப்புத் தட்டு

மார்ச் 3, செவ்வாய்

தட்டுக்காக ஒரு சண்டை. சாப்பிடுகிற தட்டு என்றாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இது நாய்க்கு எறிகிற தட்டு.

போட்டிக்கு இருபத்தாறு நாள் இருக்கிறது. ஒரு நிமிட நேரம் தருவார்கள். தட்டை எறிய வேண்டும், நாய் ஓடிப்போய் அந்தரத்தில் கவ்வ வேண்டும், எத்தனை தூரமோ அத்தனை மதிப்பெண். போட்டியில் எறியப்போவது அண்ணன். குட்டச்சியை வளர்ப்பது நான். ஒன்பது கிலோ, கட்டைக் கால், ஆனால் எகிறினால் என் தோளுக்கு வருவாள்.

அண்ணன் ஆறு புதுத் தட்டு வாங்கி வந்திருக்கிறான். ஆறும் ரத்தச் சிவப்பு. கல் மாதிரி இருக்கிறது. "காத்தைக் கிழிச்சுட்டுப் போகும், பாரு" என்கிறான். பழைய மஞ்சள் தட்டெல்லாம் எங்கே என்றேன். "உடைஞ்சு போச்சு." ஆறுமா? "ஆறும்தான். இப்ப என்ன?" உடனே கதவு ஒரு உதை வாங்கியது.

அவன் சாமான்களைத்தான் உதைப்பான். அந்த மட்டில் நல்லவன்.

மார்ச் 6, வெள்ளி

வேலை முடிந்து வரும் வழியில் தட்டு விற்கும் அம்மாவைப் பார்த்தேன். நாலு நாய் வளர்க்கிறவர். சிவப்புத் தட்டைக் காட்டினேன். கட்டைவிரலால் விளிம்பை அழுத்தினார். வளையவில்லை. "விரலுக்கு வளையலைன்னா வாய்க்கு ஆகாதும்மா. நாய்க்கும் ஈறு இருக்குல்ல? அதோட சிவப்பு புல்லுல அதுக்குச் சரியாத் தெரியவும் தெரியாது. யாரு இதை வாங்கச் சொன்னது?"

வெள்ளையில், மெத்தென்று, எடை குறைவாக இரண்டு வாங்கினேன். பல் டாக்டரிடம் ஒன்பது வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். ஈறைப் பற்றி இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். வெட்கம்.

வாசலில் நானே எறிந்தேன். பதினான்கு தடவையும் பிடித்தாள்.

மார்ச் 7, சனி

"இது தட்டா, துணியா? காத்து அடிச்சா திரும்பி நம்ம மூஞ்சிக்கே வரும்." சொல்லிக்கொண்டே அண்ணன் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினான். நிதானமாக, காகிதம் வெட்டுகிறவன் மாதிரி.

அவனுடைய காபிக் கோப்பையைச் சுவரில் அடித்தேன். அவன் என் நாற்காலியைத் தூக்கி வாசலில் எறிந்தான். நான் அவன் செருப்பு இரண்டையும் கிணற்றில் போட்டேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது, அணைந்தது. பழகிவிட்டார்கள்.

மீதி ஒரு வெள்ளைத் தட்டை என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

குட்டச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை. உலர்ந்த தீனியை முகர்ந்துவிட்டுப் போகிறாள், தண்ணீரில் ஊறவைத்தால் நக்குகிறாள். "மகாராணிக்கு ஊட்டி விடணுமோ?" என்று திட்டினேன்.

அண்ணன் மைதானத்திலிருந்து வந்ததும் தட்டுகளை அவனே கழுவி வைக்கிறான். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாதவன்! சண்டைக்குப் பிறகு புத்தி வந்திருக்கிறது போல. பல் பதிந்த இடத்தில் பிசிறு நிற்கும், அது நாய் வாயைக் கீறும். எப்போதும்போல உப்புக்காகிதத்தால் தேய்த்துக் கொடுத்தேன்.

மார்ச் 14, சனி

எழுத்து இன்று கோணலாகத்தான் இருக்கும்.

டாக்டர் ஊரில் இல்லை, லீவு. வீட்டில் வண்டி நிறுத்துகிற இடத்தைப் பெருக்கலாம் என்று போனேன். பழைய டயருக்குப் பின்னால் ஒரு பை. அதில் ஆறு மஞ்சள் தட்டு. ஒன்றுகூட உடையவில்லை. பல் பதிந்த ஒவ்வொரு குழியிலும் பழுப்பாகக் காய்ந்திருந்தது. காய்ந்த ரத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வேலையில் தினமும் கழுவுகிறேன்.

அவன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். குட்டச்சி காலடியில். பையைக் கொட்டினேன்.

"நாக்கு ஓரத்துல கொஞ்சம் கிழியும். எல்லா நாய்க்கும் நடக்கறதுதான்."

"எப்பலேர்ந்து?"

"பிப்ரவரி கடைசியிலேர்ந்து. போட்டி முடிஞ்சதும் மாத்திடலாம்னு..."

"மஞ்சள்ல தெரியுதுன்னுதான் சிவப்பா வாங்கினியா?"

குனிந்து குட்டச்சியின் காதைத் தடவினான்.

அப்புறம் என்ன பண்ணேன்னு எழுதணும். எழுதித்தான் ஆகணும். சிவப்புத் தட்டு ஒண்ணு கைல வந்துச்சு. அவன் சட்டையைப் பிடிச்சு சுவரோட சாத்தினேன். கடிடா. கடிச்சுப் பாருடா. ஒன்பது கிலோ வாயில்லா ஜீவன் கடிக்குதுல்ல, நீயும் கடி. விளிம்பை வாயில திணிச்சு உள்ளங்கையால குத்தினேன். மூணாவது குத்துல பல் உடையற சத்தம் கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச சத்தம். நிறுத்தலை. தட்டை ஓங்கி ஓங்கி அடிச்சேன், தலைல, தோள்ல, காதுல. தட்டு உடைஞ்சுது. கைல மிஞ்சின துண்டாலயும் அடிச்சேன். எத்தனை? தெரியல.

என்னைவிட ஒரு அடி உயரம் அவன். ஒரு கையால் என்னைத் தள்ளியிருக்கலாம். கையைத் தூக்கவே இல்லை. வாய் நிறைய ரத்தத்தோடு சொன்னான், "போதும். அவ பாக்கறா."

குட்டச்சி கட்டிலுக்கு அடியில், மூலையில் ஒட்டிக்கொண்டு.

சின்ன வயதில் அப்பா பெல்ட்டை உருவும்போது நானும் அங்கேதான் இருப்பேன். அதே கட்டில். அண்ணன் வெளியே நின்று எனக்கும் சேர்த்து வாங்குவான்.

அவனை 'டா' போட்டது இன்றுதான் முதல் தடவை.

மார்ச் 15, ஞாயிறு

குட்டச்சி கட்டிலடியை விட்டு வெளியே வரவில்லை. தீனியை உள்ளே தள்ளிவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

டாக்டர் ஊரிலிருந்து வந்துவிட்டார். நாற்காலியில் அண்ணன், பக்கத்தில் நான். அவன் வாய் ரத்தத்தை உறிஞ்சுகிற குழாயை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்பல் பாதி இல்லை.

"எப்படி உடைஞ்சுது?"

"தட்டு பட்டுச்சு டாக்டர். நாய்க்கு எறியறது."

"எறிஞ்சது யாரு?"

"காத்து."

டாக்டர் சிரித்தார். நான் குழாயைத் தவறவிட்டேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

மார்ச் 22, ஞாயிறு

குட்டச்சியின் நாக்கு ஆறிவிட்டது. உலர்ந்த தீனியைக் கடிக்கிறாள். அலமாரியைத் திறந்து வெள்ளைத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே வந்தாள், வாலை ஆட்டிக்கொண்டு. எறிய, கையை ஓங்கினேன்.

தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். படுத்த இடத்திலேயே மூத்திரம்.

நாலு தடவை முயன்றேன். நாலு தடவையும் அப்படியே. ஐந்தாவது தடவை எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உனக்காகத்தானே அடிச்சேன், சனியனே, உனக்காகத்தானே! அவளை உதைக்கக் காலைத் தூக்கிவிட்டேன். தூக்கிய காலைக் கீழே வைத்தபோதுதான் மூச்சு வந்தது.

ஜன்னலில் அண்ணன் நின்றிருந்தான். "அப்பா கை உனக்கு வந்திருக்கு" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். வருத்தமாகச் சொன்னான்.

மார்ச் 29, ஞாயிறு

போட்டிக்குப் போகவில்லை. மைக் சத்தம் வீடு வரை கேட்டது. நம் எண்ணை மூன்று தடவை கூப்பிட்டார்கள்.

ஏப்ரல் 4, சனி

மீதி ஐந்து சிவப்பையும் ஆறு மஞ்சளையும் அண்ணன் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் கொட்டினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை. நான் வீட்டுக்குள்ளே இருந்தேன். சுத்தியல் எடுக்கிற இடத்தில் நான் இருக்க வேண்டாம் என்று பட்டது.

ஏப்ரல் 12, ஞாயிறு

அண்ணன் கடைக்குப் போய் நாலு வெள்ளைத் தட்டு வாங்கி வந்தான். ஒவ்வொன்றின் விளிம்பையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தானாம், தட்டு விற்கும் அம்மா பொறுமை இழந்து "எதையாவது எடுப்பா" என்றாராம். புதுப் பல் மற்றதைவிடக் கொஞ்சம் வெளுப்பு. சிரித்தால் தெரிகிறது. சிரித்தான்.

"பிசிறு இருக்கான்னு பாத்துக் குடு."

உப்புக்காகிதத்தால் சுற்றித் தேய்த்தேன். விளிம்பை என் உதட்டிலும் நாக்கிலும் ஓட்டிப் பார்த்தேன். கீறவில்லை. வாசல்படி வரை போய், உட்கார்ந்து, தட்டைத் தரையோடு அவன் பக்கம் தள்ளினேன். குட்டச்சி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்து ஜன்னலில் நின்றுகொண்டேன்.

அண்ணன் முதலில் உருட்டிவிட்டான். ஓடிப்போய் எடுத்தாள். பத்துத் தடவை உருட்டினான். பிறகு எழுந்து நின்று கையை ஓங்கினான். அவன் கை என் கையைவிட எத்தனையோ உயரம். கண்ணை மூடிக்கொண்டேன்.

கவ்விய சத்தம் கேட்டது. பார்த்தபோது தட்டோடு அவனிடம் ஓடிக்கொண்டிருந்தாள்.

"வெளிய வரியா?" என்று என்னைக் கேட்டான்.

வேண்டாம் என்றேன். இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது.