ஜெயில் படம் வந்த வாரம்

ஆடி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட புடவை இரண்டும் பக்கத்து வீட்டுக் கூரையில். சுலைகா எடுத்துக் கொடுத்தாள். அவள் புருஷன் கொழும்புக் கடையில். பேச்சுத்துணைக்கு அவளுக்கு நான், எனக்கு அவள்.

சப்ஜெயிலில் பெண் கைதி இருந்தால்தான் எனக்கு வார்டர் வேலை. இல்லாவிட்டால் வீட்டில் மாவரைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இப்போது ஒருத்தி இருக்கிறாள். காளியம்மாள், திருப்பாலைக்குடி. கொழுந்தனுடைய மீன்பிடி வள்ளத்துக்குத் தீ வைத்தாள் என்று கேஸ். வயிற்றில் ஆறு மாதம். வைத்தாயா என்று நான் கேட்கவில்லை, அது கோர்ட்டு பாடு. நன்றாகச் சாப்பிடுகிறாள். கிளப்புக் கடையிலிருந்து ஜெயிலுக்கு வரும் சோற்றில் இன்று மீன் இல்லை என்று முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும். சாப்பிடுகிறவள்தானே சுளிப்பாள்.

டென்ட் கொட்டகையில் படம் மாற்றியிருக்கிறார்கள். மாட்டு வண்டியில் தட்டி கட்டிக்கொண்டு மைக்கில் ஒரே கத்தல். "சிறைக்குள்ளே பெண்கள் படும் பாடு!" நான் படும் பாட்டைப் படம் பிடித்தால் இன்னும் நாலு நாள் கூட ஓடும்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், தையல் ஊசி, காளியம்மாளுக்கு மாங்காய் (ஹெட் வார்டர் கண்ணில் படாமல்).

ஆடி 10, செவ்வாய்

காற்று. கண்ணெல்லாம் மண்.

குழாயடியில் இன்று தண்ணீரை விடப் படப் பேச்சுதான் அதிகம். சுலைகா நேற்றே பார்த்துவிட்டாள். "படமாக்கா அது? ஒரே செவுத்த வச்சே மூணு மணி நேரம் ஓட்டிப்புட்டான். அவ சாஞ்சா செவுரே ஆடுது." கண் மட்டும் வீங்கியிருக்கிறது. அழுதாயா என்றேன். "அழுகாம? செவுரு துணியா இருந்தா என்ன, அவ அழுகுறது நெசந்தானே."

வாத்தியார் வீட்டம்மாவுக்குப் பாட்டு ஒன்றுகூட வாயில் நிற்கவில்லையாம். வண்ணாத்தி சொல்கிறாள், கைதிப் பெண்கள் தலையில் வைத்திருந்த பூ ஒரு வாரமாகியும் வாடவில்லையாம். ஆளுக்கு ஒரு குறை. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி. அந்தப் படத்தில் வருகிற ஜெயில்காரி. "அவளக் கட்டி வச்சு உரிக்கணும்." "பொம்பளையா அவ? பேயி."

சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சு நின்றது. எல்லார் கண்ணும் என் இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தில். இன்று குடங்கள் சீக்கிரம் நிறைந்தன.

ஆடி 11, புதன்

பால்காரி செம்பை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எப்போதும் நின்று ஊர்க்கதை பேசுகிறவள்.

ஹெட் வார்டரும் படம் பார்த்துவிட்டார். "அம்பது கைதிங்கிறான். நான் எண்ணிப் பாத்தேன்மா, அதே ஆறு பொம்பளைகதான் சுத்திச் சுத்தி வாராக." வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்கென்ன, அவர் ஆம்பளை வார்டர்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட முதலாட்டத்துக்குக் கிளம்பினேன். சுலைகா துணைக்கு வந்தாள். பெண்கள் பக்கம், மணலில் இடம். படத்தில் வருகிற ஜெயில்காரிக்குப் பெரிய உடம்பு, பெரிய சாவிக் கொத்து, கன்னத்தில் மரு. கர்ப்பமான கதாநாயகியைத் தடியால் அடிக்கிறாள். அந்தத் தடியை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பெண்கள் மணலை வாரித் திரைமேல் எறிகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்துத் திரை உப்பியது. ஜெயில்காரிக்கும் ஆறு மாதம். சிரித்துவிட்டேன்.

என் கெட்ட நேரம். பின்னாலிருந்து ஒரு குரல். "பாருங்கடி, ஜெயிலம்மா சிரிக்கிறா."

பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பியது. திரையில் வெளிச்சம் மாற மாற முகங்கள் தெரிந்தும் மறைந்தும். தெரிந்த முகங்கள்தான், எனக்குக் கடன் காப்பித்தூள் கொடுத்தவர்கள். ஒரு கை மணல் என் பிடரியில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. எழுந்து வந்துவிட்டேன். இடைவேளைகூட விடவில்லை. தலையை எத்தனை தடவை உதறியும் மணல் போகவில்லை.

ஆடி 12, வியாழன்

ஓட்டுமேல் கல். பூனை உருட்டியிருக்கும் என்கிறாள் சுலைகா. பூனை கல்லைத் தூக்கி எறியுமா?

காளியம்மாளின் அக்கா பார்க்க மனு போட்டு வந்தாள். நேற்று சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, தங்க இடமில்லாமல் கொட்டகையில் போய் உட்கார்ந்தாளாம். படம் முழுக்கப் பார்த்திருக்கிறாள். கைதியிடம் யாரும் பேசும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும், விதி. நிற்கிறேன். என்னை வைத்துக்கொண்டே சொல்கிறாள்:

"ஏத்தா, இவ குடுக்குறத வாயில வைக்காத. படத்துல பாத்தேன். கஞ்சியில மருந்தக் கலந்து குடுத்துத்தான் அவ வயித்துப் புள்ளயக் கலைக்கிறா அந்தப் பாவி. ஒன் கொழுந்தன் சும்மா இருப்பான்னு நெனக்கிறியா? யாரு கையில என்ன குடுத்திருக்கானோ."

"அது கதைம்மா. படம்" என்றேன்.

"நடக்காததையா படம் புடிப்பாக?"

காளியம்மாள் என்னைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தாள். இத்தனை நாள் என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

மத்தியானச் சோறு அப்படியே திரும்பியது. இரவுச் சோறும்.

சுலைகாவிடம் கேட்டேன். ஆமாம், இடைவேளைக்கு அப்புறம் அந்த மருந்துக் காட்சி வருகிறதாம். "நீங்கதான் பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டீகளே."

ஆடி 13, வெள்ளி

சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும், அதுவும் தானே பானையில் மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து. மாங்காயை நீட்டினேன். வாங்கினாள்! அப்பாடா என்றிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று. கீழே வைத்துவிட்டாள்.

ஹெட் வார்டர்: "பசிச்சா தானா திம்பா." வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பசி அப்படியா என்று இவருக்கு யார் சொல்வது.

வெளிச் சாப்பாடு கொடுக்க, ஜெயிலுக்குப் பொறுப்பான டிப்டி தாசில்தார் உத்தரவு வேண்டும். அவர் அபிராமம் பக்கம் கேம்ப். திங்கட்கிழமைதான் வருவார். குழாயடிப் பெண்கள் நாலு பேர் சேதி கேட்டுக் கஞ்சிக் கலயத்தோடு கேட்டில் வந்து நின்றார்கள். வாங்கிக் கொடுத்துத் தொலையுங்கள் என்று ஹெட் வார்டரிடம் கெஞ்சினேன். "நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன் வேலையும் போகும், என் வேலையும் போகும்." பெண்கள் கலயத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். நான்தான் தடுத்தேன் என்று நினைத்திருப்பார்கள். வேறு என்ன நினைப்பார்கள்?

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கூட்டி வந்தேன். நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். இப்படியே போனால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ஒண்ணும் குடுத்துடலையே?" இவரும் படம் பார்த்துவிட்டார்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை. இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் ஊர் இந்தத் தடவை மணலோடு நிற்காது. அதைவிட, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருக்கிறாளே, அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஆடி 14, சனி

ஒரு முடிவோடு போனேன். கிளப்புக் கடைச் சோற்றை அவள் முன்னால் வைத்து நானே முதலில் சாப்பிட்டுக் காட்டுவது. ஏன் இது நேற்றே தோன்றவில்லை?

சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டு, மென்று, விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினேன். குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி.

காளியம்மாள் சொன்னாள், குரலே எழும்பவில்லை. "படத்துலயும் அவ மொதல்ல தின்னுதான் காட்டுனாளாம். அக்கா போறப்பக் காதோட சொல்லுச்சு."

மேலே, கீழே, நடுவே என்று சோற்றை எல்லாம் ஒன்றாகப் பிசைந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் தின்றேன். பசியே இல்லை. அடைத்துக்கொண்டு தின்றேன்.

"நீங்க திங்கலாம்" என்றாள். "ஒங்க வயித்துல என்ன இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னாள். வெளியே வந்து கிணற்றுப் பக்கம் நின்று அழுதேன். பிள்ளையில்லாதவள் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். இப்படி யாரும் சொன்னதில்லை.

சாயங்காலம் வயிற்றைப் பிசைந்தது. பயமா, சாம்பாரா? சுலைகா சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "திருப்பாலைக்குடி ஆளு ஒருத்தன் கிளப்புக் கடையில டீ குடிச்சிக்கிட்டு இருந்தான்க்கா" என்றாள். திருப்பாலைக்குடியிலிருந்து தினம் நூறு பேர் வருகிறார்கள், எல்லோரும் டீ குடிப்பார்கள். அதையே சுலைகாவிடமும் சொன்னேன். ஆனாலும் அவன் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், அடுப்படிப் பக்கமா என்று கேட்டேன். சீ. எனக்கும் அந்தச் சந்தேகம் பிடித்துவிட்டது.

ஆடி 15, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. வயிறு சரியாகிவிட்டது. கொட்டகையில் படம் மாற்றிவிட்டார்கள், இப்போது ஏதோ ராஜா ராணிக் கதை. குழாயடியில் சண்டைகூட அதைப் பற்றித்தான். வாத்தியார் வீட்டம்மா என்னிடம் நல்லா இருக்கியா என்று கேட்டாள்.

ஜெயிலுக்குப் போய்க் கதவைத் திறக்கிறேன், காளியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். நிற்க முடியவில்லை, ஆனாலும் நிற்கிறாள்.

"அக்கா." இத்தனை நாளில் முதல் தடவை அக்கா என்றாள். "ராத்திரி பூரா புள்ள துள்ளவே இல்லக்கா. எனக்குப் பயமா இருக்கு. இப்பத்தான் லேசா அசஞ்சுச்சு. கஞ்சி கொண்டாங்க, குடிக்கிறேன்."

"நெசமாவா?"

"ஒங்கள நம்புறேன்க்கா. சுருக்கா கொண்டாங்க."

ஓடினேன். இந்த வயதில் ஓடினேன். கிளப்புக் கடை ஆள் அப்போதுதான் தூக்குச்சட்டியோடு கேட்டுக்கு வந்தான். வழக்கமான ஆள் இல்லை, புது ஆள். எப்போதும் வருகிறவர் எங்கே என்றேன், ஊருக்குப் போயிருக்கிறார் என்றான். சட்டியை வாங்கிக்கொண்டு முற்றத்தில் பாதி வந்தேன். நின்றேன். மூடியைத் திறந்தேன். குனிந்து, கஞ்சியை முகர்ந்து பார்த்தேன். நல்ல கஞ்சி வாசனைதான், வேறு ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தேன். கம்பிக்குள்ளிருந்து காளியம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கம்பியிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு, பின்னாலேயே நடந்து, சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.