மேட்டுக்காட்டுக் கல் வளரவில்லை

வாசலூர்பட்டி,
கொல்லிமலை.

கண்ணு மணிவண்ணனுக்கு, அப்பா காளியண்ணன் என் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். ராய்ப்பூர் வெயிலில் நீயும் உன்னோடு போர்வெல் லாரியில் இருக்கிற பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து மேலும் கீழும் போகும், சிரிக்காதே, சிரிப்பு வந்தால் முழுதும் படித்துவிட்டுச் சிரி. தை மாதம் முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்தவன் இதற்குள் இவ்வளவு எழுதுகிறேன் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

நீ போனில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஆடிப் பதினெட்டுக்கு வரும்போது கம்ப்ரசர் வண்டி கொண்டு வந்து மேட்டுக்காட்டுக் கல்லை உடைத்துவிடலாம், அது வளர்ந்து வளர்ந்து சாமைக் காட்டையே தின்கிறது என்றாய். அன்று முழுதும் உன் அம்மா சோறு தின்னவில்லை. வருஷா வருஷம் விதைக்கும்போது முதல் பிடி சாமையை அந்தக் கல்லுக்குப் போடுகிறவள் அல்லவா. வளர்ற கல்லுக்கு உசுரு இருக்குதுங்க, உசுரு உள்ளத உடைக்கவா புள்ளைய பெத்தேன் என்று என்னிடம்தான் சண்டை. நீ சின்னப் பையனாக இருந்தபோது அதன்மேல் உட்கார்ந்தால் கால் தரையில் படும், இப்போது அது என் இடுப்பு உயரம், வளர்கிறது என்றுதான் ஊரே சொல்லும், நானும் சொன்னேன். விளைச்சலோ குறைந்துகொண்டே போகிறது. பக்கத்துக் காட்டு அர்த்தனாரி வேறு, ஏனுங்க மாமா, வெதச்ச சாமையெல்லாம் கல்லே தின்னுபோடுதாட்டம் இருக்குது, நல்லா கொழுத்துப்போச்சுங்களே என்று கேலி பண்ணுவான். உடைத்தால் உன் அம்மா தாங்கமாட்டாள், விட்டால் காடு போய்விடும் என்று நான் நடுவில் நின்று முழித்தேன்.

அர்த்தனாரி மகள் சங்கீதாதான் எங்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். பாறைகள் எப்படி உண்டாகின்றன என்று ஒரு பள்ளிக்கூடப் புத்தகம் கொடுத்தாள். ஒரு வரி படித்து முடிக்க ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் ஆகும், ஆனாலும் விடவில்லை. பூமிக்குள்ளே கல்லே உருகிக் கிடக்கிறதாம், வெல்லப் பாகு ஆறி இறுகுவது போல அது ஆறி இறுகினால் தீப்பாறை. ஆறும் கடலும் கொண்டுவந்து போடுகிற மணலும் சேறும் சிப்பியும் அடுக்கடுக்காகப் படிந்து பாரத்தில் இறுகினால் படிவுப் பாறை. இந்த இரண்டும் மறுபடி ஆழத்தில் அகப்பட்டு, சூட்டிலும் பாரத்திலும் வெந்து, சூளைக்குள் போன பச்சைப் பானை வேறு சாமானாக வெளியே வருவது போல மாறிவிட்டால் உருமாறிய பாறை. நம்ம மலைக் கல் பெரும்பாலும் இந்த மூன்றாவது ரகமாம், நம் காலடிக் கல் ஒரு காலத்தில் அவ்வளவு ஆழத்தில் வெந்ததா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் கல் வளரும் என்று மட்டும் எந்த வரியிலும் இல்லை. ஏம்மா, பக்கம் ஏதாச்சும் கிழிஞ்சு போச்சா என்று கேட்டேன். கல்லு என்ன பலாப்பிஞ்சுங்களா அப்புச்சி, நாளுக்கு நாள் பெருக்கறதுக்கு என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு ஒப்பவில்லை. நேரே மேட்டுக்காட்டுக்குப் போய்க் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மேல்பாதி வெயிலில் கறுத்து, வெள்ளைப் பாசி பூத்துப் பழசாக இருக்கிறது, கீழ்ப்பாதியில் பாசியே இல்லை, செம்மண் கறைதான். இரண்டுக்கும் நடுவே கல்லைச் சுற்றிலும் கிழித்தது போல ஒரு கோடு. பக்கத்துப் பலாமரத்தைப் பார்த்தால் அதன் வேரும் அந்த அளவுக்கு வெளியே நிற்கிறது. அப்போதுதான் புரிந்தது கண்ணு, அந்தக் கோடுதான் பழைய தரை. கல் ஏறவில்லை, மண்தான் மழையோடு மழையாக மலையடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிப் போயிருக்கிறது. நீ அதை உடைத்திருந்தால் மண்ணுக்குக் கடைசியாக நின்ற தடுப்பும் போயிருக்கும். கல் வளரவே இல்லை என்று உன் அம்மாவிடம் சொல்லப் பயந்துகொண்டே போனேன். எல்லாம் கேட்டுவிட்டு, ஓடுனது மண்ணுதானுங்களே, கல்லு நின்ன எடத்துலயே நின்னுச்சில்ல, அப்ப அது சாமிதான் என்று சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள், தானும் தின்றாள்.

மறுநாளே சரிவுக்குக் குறுக்கே, அந்தக் கல்லை ஒரு முனையாக வைத்து, கிடந்த கற்களைப் பொறுக்கி மண்ணைத் தடுக்கக் கட்டு போட ஆரம்பித்தோம். அர்த்தனாரி வாய் பேசிக்கொண்டே மூன்று ஆள் வேலை செய்தான். கட்டு முடிந்த வாரம் நல்ல கோடை மழை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டுக்குக் கீழே தண்ணீர் தெளிந்து போகிறது, மேலே மண் தங்கி நிற்கிறது. விரலால் தோண்டினேன், அடியில் பருமணல், அதன்மேல் செம்மண், அதன்மேல் மாவு போல வண்டல், அடுக்கடுக்காகப் புத்தகத்தில் போட்ட படம் மாதிரியே இருந்தது. இது இப்படியே கிடந்து பாரம் ஏறினால் கோடி வருஷத்தில் பாறையாகுமாம், எனக்கு அதெல்லாம் வேண்டாம், இந்த வருஷம் சாமை பிடித்தால் போதும் என்று சத்தமாகவே சொன்னேன், கேட்க யாரும் இல்லை.

நீ இருக்கிற ராய்ப்பூர்ப் பக்கம் நிறைய சுண்ணாம்புக்கல் என்று சங்கீதா சொன்னாள், அது கடலில் படிந்த ரகமாம். அப்படியானால் பழைய கடலுக்குள் துளை போட்டல்லவா தண்ணீர் தேடுகிறீர்கள். மேலே வருகிற தூள் என்ன நிறம் என்று எழுது, ஒரு பிடி பொட்டலம் கட்டியும் கொண்டு வா. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் சளி போல வெளியே வராது சாமி, வேலை நேரத்தில் மூக்கையும் வாயையும் மூடிக்கட்டாமல் இருக்காதே, மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்.

கம்ப்ரசர் வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தால் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. சரிவில் இன்னும் இரண்டு கட்டு பாக்கி இருக்கிறது, உனக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறோம். நோய்நொடி அண்டாமல், போட்ட குழியெல்லாம் தண்ணீர் கண்டு, நீ நீடூழி வாழ வேண்டும். இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே, எழுத்தில் போடு, நானே படிக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா,
அ. காளியண்ணன்