ராஜேந்திரன் அங்கிளின் இடது கை

மார்ச் 3, திங்கள்

ராஜினாமாக் கடிதத்தை இன்றும் கொடுக்கவில்லை. கோட் பையிலேயே கிடந்து கசங்கிவிட்டது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில், டயாலிசிஸ் பிரிவில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்த செய்தி அம்மா வாயால் எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது வேலை பார்க்கும் இந்தத் தனியார் மருத்துவமனையில், இன்சார்ஜ் மௌரீன் சிஸ்டருக்குத்தான் தெரியாது. திட்டுவாரோ? திட்டினால் தாங்கிக்கொள்வேன். என்னிடம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ராஜேந்திரன் அங்கிளிடம்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மௌரீன் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன்.

"கவர்மெண்ட் வேலையா? சந்தோஷம். நோட்டீஸ் ஒரு மாசம், முடிச்சுட்டுப் போ. போன வருஷம் ஒருத்தி டீ குடிக்கப் போறேன்னு போனா, இன்னும் குடிச்சிட்டிருக்கா."

சிரித்துவிட்டேன். கதவுவரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டார்.

"ராஜேந்திரனை யார் கையிலயாவது ஒப்படைச்சுட்டுப் போ."

மார்ச் 5, புதன்

அங்கிள் பக்கத்திலிருக்கும் ஜீவனஹள்ளிக்காரர், ஆட்டோ ஓட்டியவர். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான் சேருவதற்கு முன் யாரோ ஊசியைத் தப்பாக ஏற்றி, இடது கை வீங்கிக் கறுத்துவிட்டதாம். அந்தப் பயத்தில் டயாலிசிசுக்கே வராமல் நின்று, மூச்சுத் திணறி ஐசியு வரை போய்வந்த மனிதர். இரண்டு வருடமாக என்னைத் தவிர யாருக்கும் கையை நீட்டியதில்லை. எனக்கு லீவு என்றால் தானும் நாள் மாற்றிக்கொள்வார். எனக்கு அதில் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

இன்று சொல்ல வாயெடுத்தேன். "உன் கை ராசிம்மா," என்றார்.

சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

அங்கிள் வரவில்லை. திங்கட்கிழமை அவர் கிளம்பும்போது, நான் போகப்போவதை அட்டெண்டர் உளறிவிட்டிருக்கிறார்.

போன் செய்தேன். அவர் மனைவி யசோதா ஆண்ட்டிதான் எடுத்தார். "அந்தப் பொண்ணே போவுது, இனி நான் எதுக்கு வரணும்னு சொவுரு பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரும்மா. காலு வேற வீங்கிக்கீது."

ஐயோ. நானே முதல்ல சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா — நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் புது வேலையில சேருவேன்?

மார்ச் 13, வியாழன்

டியூட்டிக்கு முன் அவர் வீட்டுக்குப் போனேன். என்னோடு வேலை செய்யும் சங்கமித்ராவையும் கூட்டிப்போனேன். கை நடுங்காத பெண்.

அங்கிள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டு வருசமா என் கையப் புடிச்சிக்கினு இருந்த. ஒரு வார்த்த சொல்லத் தோணலியா உனக்கு?"

"பயந்துட்டேன் அங்கிள்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"நீயுமா?" என்றார். மெல்ல எழுந்து உட்கார்ந்து ஆண்ட்டியிடம் சட்டையைக் கேட்டார்.

மருத்துவமனைக்கு வந்ததும் ஊசி நான்தான் போட்டேன். அதற்கு முன் சங்கமித்ரா அவர் ரத்தக்குழாயில் விரல் வைத்துத் துடிப்பைப் பார்த்தாள். அவர் தடுக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ரத்தம் வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று என ஒரு தடவைக்கு இரண்டு ஊசி. ஒன்று நான், ஒன்று சங்கமித்ரா. அவள் ஊசிக்கு மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கை வீங்கவில்லை. அவர் கிளம்பும்வரை நான்கைந்து தரம் எட்டிப் பார்த்தேன்.

ஏப்ரல் 2, புதன்

கடைசி நாள். நான் ஊசித் தட்டோடு போய் நின்றேன்.

"நீ போம்மா. அந்தப் பொண்ணக் கூப்புடு."

இரண்டு ஊசியும் சங்கமித்ராவே போட்டாள். அங்கிள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் முட்டி நின்றது. "ஒண்ணுமே தெரியல. உன்னவிட இவ சக்கத்தா, ஜோரா போடுறா," என்றார்.

பொய். அவருக்கு வலித்தது. எனக்கும்தான்.

ஏப்ரல் 7, திங்கள். கிருஷ்ணகிரி

புது வார்டில் முதல் நாள். ருக்மிணி என்று ஓர் அம்மா. என்னைப் பார்த்ததும் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"பழைய நர்சம்மா எங்க? அவங்க போட்டாத்தான் எனக்கு ஒத்துக்கும்."

அந்த நர்ஸ் மாற்றலாகிப் போய்விட்டாராம். இவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஊசித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவங்க எப்படிப் போடுவாங்க? சொல்லுங்கம்மா."

முறைத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே வந்தவர், இடத்தைக் காட்டுவதற்காகக் கையை வெளியே எடுத்தார்.