எதிர்ப்பக்கம் போன சைக்கிள்

மாதா துணை

ஆம்பூர்
10.7.2005, ஞாயிறு

அன்பு மகன் ஜெயகரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், நீயும் ஜெஸியும் ஜெனிஃபா குட்டியும் ஷார்ஜாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஜெனிஃபா முதல் ராங்க் வாங்கியதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, பிள்ளைக்கு என் மண்டை என்று சொன்னால் உன் தம்பி பெண்டாட்டி பிரிசில்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், சிரிக்கட்டும். உன் தம்பி ஆல்வினுக்குக் கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, வேலூர் டாக்டர் மேலும் மூன்று வாரம் ஆகும் என்றார், எலும்பு சேருகிறதாம், கவலைப்படாதே. நம் தெருவில் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது, அதிலும் தோல் பதனிடுகிற ஷாப் வாடை.

போனில் நீ சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றேன். அன்வரி பேகம் போன் கடையில் நின்று பேசும்போது பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள், அதோடு போனில் நீ என்னைப் பேச விடுவதும் இல்லை, அதனால்தான் கடிதம். ஆல்வின் கால் உடைந்த அன்றைக்கு நடந்ததை நீ அவன் வாயால் கேட்டாய், பிரிசில்லா வாயால் கேட்டாய், என் வாயால் கேட்கவில்லை.

நாங்கள் வீட்டில் தைக்கிற ஷூ மேல்தோல் அப்பரை அஞ்சு மணிக்குள் கம்பெனி கேட்டில் கொடுத்துவிட வேண்டும், அஞ்சு அடித்தால் வாங்க மாட்டான். அன்றைக்கு ஆல்வின் சைக்கிளில் கேரியரில் நான் உட்கார்ந்து, மடியில் ஒரு மூட்டை, ஹேண்டில்பாரில் ஒரு மூட்டை. ஹைவேயை நாலு வழியாக்கி நடுவில் சுவர் வைத்ததிலிருந்து கம்பெனிக்கு விதிப்படி நேர் பக்கமாகப் போக வேண்டுமானால் பெட்ரோல் பங்க் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். யார் போகிறார்கள், ஷிப்ட் விடும் நேரத்தில் பார், நூறு சைக்கிள் எதிர்ப்பக்கம்தான் வரும், ஊர் வழக்கமே அதுதான். ஆல்வின் அன்றைக்கு பங்க் பக்கம்தான் திருப்பினான். நான்தான் முதுகில் தட்டி, நேரமாச்சு எதிர்லயே போடா என்றேன். ஜெயகரா, இதை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆல்வின் சொல்லவே மாட்டான்.

பின் தெரு தனகோடி ஷேர் ஆட்டோவோடு எதிரில் வந்தான். வேகமாகத்தான் வந்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் போக வேண்டிய பக்கத்தில்தான் வந்தான். ஹார்ன் அடித்தான், மூட்டை கனத்தில் ஆல்வினால் ஹேண்டிலைத் திருப்ப முடியவில்லை, தனகோடி ஆட்டோவை ஒடித்து நடுச் சுவரில் மோதிச் சாய்ந்தான், ஆட்டோவின் பின்பக்கம் சைக்கிளை அடித்தது. நல்ல வேளை, உள்ளே ஆள் இல்லை. எனக்கு முழங்கை மட்டும் சிராய்ப்பு. என் மகன் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான், நான் ரோட்டில் சிதறிய அப்பரைப் பொறுக்குகிறேன், ஜோடி குறைந்தால் கம்பெனிக்காரன் திட்டுவான் என்ற நினைப்பு. தோளில் அடிபட்ட தனகோடிதான் ஆட்டோவிலிருந்து ஊர்ந்து வந்து, ஆயா உனக்கு அடி ஒண்ணும் இல்லையே என்று கேட்டான். ஒற்றைக் கையால் உன் தம்பியை ஓரத்துக்கு இழுத்துப் போட்டவனும் அவன்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்னைக் கேட்டார், நேர் பக்கம்தானேம்மா வந்தீங்க என்று. தலையாட்டினேன். எழுதி முடித்து மைப் பெட்டியை நகர்த்தினார், எனக்கு ரோஷம் வந்துவிட்டது, கைநாட்டு வைக்கிறவள் இல்லை என்று சொல்லி முழுதும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துத்தான் பேர் எழுதினேன். அதுதான் இப்போது என்னை அரிக்கிறது. ரேகை வைத்திருந்தால் என்ன எழுதினார்களோ தெரியாது என்று சொல்லித் தப்பலாம். படித்தவள் எப்படித் தப்புவது.

தனகோடி மேல் கேஸ், லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆட்டோ ஸ்டேஷன் வாசலில் மழையில் நிற்கிறது. அவன் பெண்டாட்டி எல்லம்மா போன வாரம் வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், இல்லை. வாசலிலேயே நின்று, “ஆயா, போலீஸ்ல இன்னா எழுதினாங்கன்னு நான் கேக்கல. எந்தப் பக்கம் வந்தீங்க, அத மட்டும் சொல்லு” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பிரிசில்லா உள்ளேயிருந்து, “பெரிய வண்டி மேலதான் கேஸு. சைக்கிள்காரன் மேல எவனாவது கேஸ் போட்டிருக்கானா?” என்று கேட்டுவிட்டாள். எல்லம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு போய்விட்டாள். பிரிசில்லாவைக் குறை சொல்லவில்லை, புருஷன் படுத்துக் கிடக்கிற பேஜார் அவளுக்கு.

இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிறாகப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கவில்லை. வயிறு சரியில்லையா அத்தை என்று பிரிசில்லா கேட்கிறாள்.

யார் கேட்டாலும் நேர் பக்கம் என்று மட்டும் சொல், மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றாய். தம்பி மேல் உள்ள பாசம், தெரியும். வாக்குமூலத்தை மாற்றினால் நஷ்ட ஈடு வராது என்று வக்கீலும் சொல்கிறார். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று நேற்று ஆல்வினிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, “மிதிச்சவன் நான்தானே. உன் பேர மட்டும் இழுக்காத” என்றான். என் பேரைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

புதன்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன், எல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு. இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்து நாள் ஆகும். அதற்குள் சொல்லி முடித்திருப்பேன், அதனால் போன் செய்து தடுக்கப் பார்க்காதே. கோபம் வந்தால் கோபித்துக்கொள், ஆனால் ஜெஸியிடம் காட்டாதே.

மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள். குட்டிக்கு ஆயா முத்தம். நீ வேலைக்குச் சைக்கிளில் போகிறாய் என்று ஜெஸி சொன்னாள். சுற்றானாலும் நேர் பக்கமே போ, யார் முதுகில் தட்டினாலும்.

படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட
உன் அம்மா
சவுரியம்மாள்